பனி விழட்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கொல்லைத் தோட்டம் பற்றி நீங்கள் எழுதிவருவதைப் படித்துத்தான் நான் மண்வெட்டியைத் தொட்டேன். அதனால் என் குறையையும் உங்களிடமே சொல்கிறேன்.

போன ஐப்பசியில் என் மாமனார் காலமானார். அத்தையைத் தனியாக விட மனமில்லாமல் நாங்கள் மூவரும் சென்னையிலிருந்து லால்குடி பக்கம் இருக்கும் இந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். கொல்லையில் மாமா போட்ட மூங்கில் பந்தல் இருந்தது. அவர் எடுத்துவைத்த அவரை விதை பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாம்பலோடு இருந்தது. மொத்தம் பதினோரு விதை. பொங்கல் முடிந்த கையோடு எல்லாவற்றையும் ஊன்றிவிட்டேன். "ஆடிக்கு வைக்கலாமே" என்று அத்தை சொன்னார்கள். என் மகனுக்கு ஒன்பது வயது, அவன் விடவில்லை. எனக்கும் பொறுக்கவில்லை.

நான்கு முளைத்தன, இரண்டு பிழைத்தன. ஆனி முடியப் போகிறது. பந்தல் தெரியாத அளவுக்கு இலை அடர்ந்திருக்கிறது. ஒரு பூ கிடையாது. வெளிச்சத்துக்கும் குறைவில்லை. பகலில் நல்ல வெயில். இரவில் அத்தை கொல்லைக்குப் போய்வர வசதியாக எல்இடி விளக்குப் போட்டிருக்கிறோம், அது விடிய விடிய எரிகிறது. தக்காளியும் சித்திரை முழுக்கப் பூத்துப் பூத்து உதிர்ந்தது. "அறுத்துப் போட்டுவிட்டு வேறு ஏதாவது வை" என்கிறார் என் கணவர். அத்தை தினமும் காலையில் காபி டம்ளரோடு பந்தலுக்கடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். கேட்டால் "பனி விழட்டும்" என்று இரண்டே வார்த்தை. சொன்னதைக் கேட்கவில்லை என்று நாள்தோறும் குத்திக்காட்டுவதுபோல் இருக்கிறது.

தோட்டம் குடும்பத்தை ஒன்றாக உட்காரவைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் தோட்டப் பேச்சை எடுத்தாலே ஆளுக்கொரு பக்கம் எழுந்து போகிறோம். அறுத்துவிடலாமா? குறை மண்ணிலா, என் கையிலா?

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அறுக்காதீர்கள். மேற்கொண்டு படிக்கும் முன்பே உங்கள் கணவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

பதினோரு விதையையும் ஊன்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் மாமனார் பார்த்துப் பொறுக்கி, காயவைத்து, சாம்பலில் புரட்டி எடுத்துவைத்த அந்த அவரை இன்று உங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு கொடிகளில் மட்டும்தான். அத்தை காலையில் காபி டம்ளரோடு அங்கே போய் நிற்பது எதற்காக என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

குறை மண்ணிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. பந்தலில் ஏறும் நாட்டு அவரை, இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற கொடி. குறும்பகல் தாவரம் என்று தாவரவியலில் சொல்வார்கள். பகல் சுருங்கி இரவு நீள ஆரம்பித்தால்தான் அது மொட்டுக் கட்டும். அதுவரை எரு வைத்தாலும் தண்ணீர் ஊற்றினாலும் இலையும் கொடியுமாகவே வளர்ந்துகொண்டிருக்கும். நம் திருச்சி, தஞ்சைப் பக்கம் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அவரைக்கு அது போதும்.

நீங்கள் தையில் ஊன்றினீர்கள். கொடி பூக்கும் வயதுக்கு வருவதற்குள் பங்குனி பிறந்து பகலும் இரவும் சமமாகிவிட்டன. அதன்பின் பகல் நீண்டுகொண்டே போய், ஆனி முதல் வாரத்தில் உச்சியைத் தொட்டு, இப்போதுதான் மெல்லத் திரும்புகிறது. புரட்டாசியில் மறுபடியும் சமமாகும். அதற்குப் பிறகு இரவின் பக்கம் தராசு சாயும். ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ உங்கள் பந்தலில் பூ பார்ப்பீர்கள். மார்கழியிலும் தையிலும் பறித்து மாளாது.

ஆடிப்பட்டத்தில் அவரை போடச் சொன்னதற்கு இதுதான் காரணம். ஆடியில் ஊன்றினால் கொடி வீச மூன்று மாதம் கிடைக்கிறது. ஐப்பசி மழையில் வேர் குளிர்கிறது. இரவு நீளும் நேரத்தில் பந்தல் நிறைந்து தயாராக நிற்கிறது. கடிகாரமும் அட்டவணையும் இல்லாமல் இதைக் கண்டுபிடித்து நமக்குக் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. உங்கள் அத்தை அந்த வரிசையில் வந்தவர். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தபோது அதில் இரண்டுக்குப் பனியின் பெயரையே வைத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. "பனி விழட்டும்" என்று அத்தை சொன்னது உங்கள் கேள்விக்கு முழுமையான பதில். நான் இரண்டு பத்தியில் எழுதியதை அவர் இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கிறார். கணவரை இழந்து முதல் ஆண்டுகூட முடியாத ஒருவர் அதற்கு மேல் பேசாமல் இருப்பதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த எல்இடி விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குறும்பகல் தாவரத்துக்குத் தேவை இடையறாத இருட்டு. தெருவிளக்குக்கு நேர் கீழே நிற்கிற சோயா மொச்சைச் செடிகள் மட்டும் பூக்காமல் பச்சையாகவே நிற்பதை உழவர்கள் பார்த்திருக்கிறார்கள். உங்கள் விளக்கு விடிய விடிய பந்தல்மேல் எரிந்தால் அவரைக்கு இரவே வராது. அதற்காக விளக்கை அணைத்துவிடாதீர்கள், அத்தை கால் இடறி விழுந்துவிடக் கூடாது. பந்தலுக்கு முதுகு காட்டி, நடைபாதையில் மட்டும் வெளிச்சம் விழும்படி திருப்பி வைத்தால் போதும். முழங்கால் உயரத்துக்கு இறக்கி வைத்தால் இன்னும் நல்லது. ஆவணி கழிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

கொடி அதுவரை தாங்குமா என்ற பயம் உங்களுக்கு வரலாம். தாங்கும். அவரை ஒரே ஆண்டில் முடிந்துபோகிற செடி இல்லை. பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டு நிற்கிற கொடி. ஆடி பிறந்ததும் முற்றிய இலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் கொடிகளையும் மூன்றில் ஒரு பங்கு கழித்துவிடுங்கள். காற்று நுழைய வேண்டும். தூரைச் சுற்றி மக்கிய எருவை இரண்டு கை போட்டு மண் அணையுங்கள். யூரியா பக்கமே போக வேண்டாம், இலைதான் இன்னும் கூடும். கார்த்திகை மேகமூட்டத்தில் கொழுந்திலும் பூங்கொத்திலும் கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பும். விறகு அடுப்புச் சாம்பலைச் சலித்து, அதிகாலையில் இலை ஈரமாக இருக்கும்போது தூவுங்கள். பொறிவண்டு கண்ணில் பட்டால் அதை ஒன்றும் செய்யாதீர்கள், அது அசுவினியைத் தின்ன வந்திருக்கிறது. அவரை வருகிற வரைக்கும் மகனுக்குக் கை பரபரத்தால் கடையில் செடி அவரை விதை வாங்கிக் கொடுங்கள். அது பந்தல் கேட்காது, இரவின் நீளத்தையும் பெரிதாகப் பார்க்காது.

தக்காளியின் கதை வேறு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் அதன் மகரந்தம் வலுவிழக்கும், பூ பிஞ்சாகாமல் உதிரும். உங்கள் ஊர்ச் சித்திரையில் வேறென்ன நடக்கும்? அடுத்த கோடைக்கு அந்த இடத்தில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். தக்காளி நாற்றைப் புரட்டாசியில் விடலாம்.

தோட்டம் குடும்பத்தை ஒன்றாக உட்காரவைக்கும் என்று எழுதியது நான்தான். எந்த மாதத்தில் என்று எழுதாமல் விட்டுவிட்டேன்; அது என் பிழை, உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் கொல்லை வாங்கிக்கொண்டே இருக்கும், கொடுப்பது குறைவு. காலையும் மாலையும் தண்ணீர் சுமக்க வேண்டும். யார் ஊற்றினார்கள், யார் ஊற்றவில்லை என்ற கணக்கில்தான் பேச்சு தடிக்கிறது. எங்கள் வீட்டிலும் தோட்டத்தின் பெயரால் நடந்த சண்டைகள் எல்லாம் அந்த நான்கு மாதத்தில் நடந்தவை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதத்தில் பெய்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றும் வேலை தானாகவே நின்றுபோகும். நீங்கள் இந்த வீட்டுக்கு வந்து ஒரு சுற்று இன்னும் முடியவில்லை. வாங்குகிற மாதங்களை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பிறகு கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து கதவைத் திறந்தபோது வீட்டை ஒட்டிய தோப்பில் நாற்பது தென்னையில் ஆறுதான் நின்றன. அப்பா தன் இருபதாவது வயதில் வைத்த கன்றுகள் அவை. அவர் திண்ணையில் உட்கார்ந்தார். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. உறவினர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள், அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

அம்மா கொல்லைக்குப் போனார். அவரைப் பந்தல் மட்டமாகப் படுத்திருந்தது, அதன்மேல் ஒரு தென்னை மட்டையும் பாதிக் கூரையும் கிடந்தன. கொடி அப்போதுதான் பூவெடுக்க ஆரம்பித்திருந்தது. அம்மா ஈரத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மட்டையின் ஓலைக்குள் சிக்கியிருந்த கொடியை ஒவ்வொரு முறுக்காகப் பிரித்தார். அவரைக் கொடி கொழுகொம்பை எப்படிச் சுற்றியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக அவிழ்த்தால்தான் ஒடியாமல் வரும். ஓலையை இழுக்காமல், ஓலையைக் கத்தரித்துக் கத்தரித்துக் கொடியை மீட்டார். ஊதாப் பூங்கொத்து இருந்த நுனிகளை மடியில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் அந்த வேலை செய்தார். விழுந்த தென்னையின் மட்டைகளையே ஊன்றி, அவற்றின்மேல் கொடியை ஏற்றிவிட்டார்.

மார்கழி பாதியில் முதல் பறிப்பு வந்தது, ஒரு முறம் இருக்கும். அம்மா அடுப்படி வாசலில் முறத்தை வைத்து நார் எடுக்க உட்கார்ந்தார். அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து எதிரில் அமர்ந்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை. காயின் காம்பைக் கிள்ளி, ஒரு பக்க நாரை நுனி வரைக்கும் அறாமல் இழுத்து, திருப்பி, மறுபக்க நாரை இழுத்தார். அம்மா எதுவும் கேட்கவில்லை. அரை முறம் முடிந்திருக்கும்போது அப்பா, "கிழக்கு வரிசையிலிருந்து கன்று வைக்கலாம்" என்றார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு தோப்பைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது.

வருகிற தையில் உங்கள் வீட்டுப் பொங்கலுக்குப் பல காய்க் குழம்பு வைப்பார் அத்தை. அவரை, மொச்சை, பறங்கி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி என்று அதில் விழுகிற காய்களைப் பாருங்கள். அந்த நேரத்தில் காவிரிக்கரைக் கொல்லைகள் கொடுப்பதுதான் அந்தப் பட்டியல். இந்த ஆண்டு உங்கள் வீட்டில் துக்கப் பொங்கலாக இருந்திருக்கும். அடுத்த பொங்கலுக்கு அந்தக் குழம்பில் மாமாவின் அவரை இருக்கட்டும்.

மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புரட்டாசியில் வேலியோரம் நான்கு பறங்கி விதை ஊன்றச் சொல்லுங்கள். மார்கழியில் கோலத்தில் சாணி உருண்டைமேல் வைக்கப் பூ கிடைக்கும். பூவுக்குக் கீழே குட்டி உருண்டை இருந்தால் அது பெண் பூ, காயாகப் போவது. மெல்லிய நீண்ட காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. கோலத்துக்கு ஆண் பூவைத்தான் பறிக்க வேண்டும், அதிலும் வண்டுக்கு ஒன்றிரண்டை விட்டுவைக்க வேண்டும். இதை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அப்பாயியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

விதைக்கு விடுவதையும் அத்தை கையிலேயே கொடுத்துவிடுங்கள். பொதுவாக நடுப்பறிப்பில், நோயில்லாத கொத்தில், நீளமான காய்களாகப் பார்த்து நூல் கட்டி அடையாளம் வைப்போம். கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும்போது பறிப்போம். எத்தனை விட வேண்டும், எந்தக் கொத்தில் விட வேண்டும் என்பதை அவர் கண் சொல்லும். நீங்கள் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். அடுத்த முறை பாதி விதையைப் பாட்டிலிலேயே வைத்துக்கொண்டு மீதியை மட்டும் ஊன்றுங்கள்.

முதல் பூங்கொத்து தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். பூ வெள்ளையா ஊதாவா என்று மட்டும் அத்தையிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள். மாமாவோடு நின்று அந்தக் கொடியைப் பூவோடு பார்த்தவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.