எம்.டெக். நெட்வொர்க் வடிவமைப்புப் பாடம்: எங்கிருந்து தொடங்குவது?

பி.இ.யில் படித்த ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளைத் தவிர வேறு அடிப்படை இல்லை, முதுகலைப் பாடத்தை எங்கிருந்து பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடுக்குகளைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசையிலிருந்து தொடங்குங்கள். தாமதம், இழப்பு, நெரிசல் கட்டுப்பாடு எல்லாம் அங்கேதான் சந்திக்கின்றன. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், நெரிசலால் வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதை ஆராய்ந்து வான் ஜேக்கப்சன் 1988-இல் தந்த தீர்வின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய டிசிபியில் (தரவை நம்பகமாகக் கொண்டு சேர்க்கும் இணைய நெறிமுறை) ஓடுகின்றன.

கணக்கில் முதலில் இரண்டு போதும். லிட்டிலின் விதி: உள்ளே இருக்கும் சராசரி எண்ணிக்கை = வருகை வேகம் × தங்கும் நேரம். அடுத்து எம்/எம்/1 வரிசை (வருகையும் சேவை நேரமும் தற்செயலானவை, சேவையகம் ஒன்றே என்று கொள்ளும் மாதிரி): இணைப்பு 50% நிரம்பியிருந்தால் மொத்தத் தாமதம் சேவை நேரத்தைப் போல 2 மடங்கு, 90% என்றால் 10 மடங்கு, 95% என்றால் 20 மடங்கு. ஆனால் டிசிபி தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்வதால் இந்தச் சூத்திரத்தை அதற்கு அப்படியே போடக்கூடாது. தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான்.

பிறகு மடிக்கணினியில் லினக்ஸும், ஒரே கணினிக்குள் மெய்நிகர் நெட்வொர்க்கை உருவாக்கும் மினிநெட்டும் போட்டு அனுப்புநர், ரவுட்டர், பெறுநர் என மூன்று கணுக்கள் அமையுங்கள். ரவுட்டரில் பெறுநர் பக்க இடைமுகத்தில் எச்டிபி (லினக்ஸின் வேகக் கட்டுப்பாட்டு வசதி) கொண்டு நொடிக்கு 10 மெகாபிட் வரம்பு, அதன் கீழ் 33 பாக்கெட் கொள்ளும் சாதாரண வரிசை. அனுப்புநர் பக்க இடைமுகத்தில் நெட்எம் (செயற்கைத் தாமதம் சேர்க்கும் லினக்ஸ் கருவி) மூலம் 40 மில்லிநொடித் தாமதம்.

ஏன் 33? இணைப்பின் வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்குங்கள்: நொடிக்கு 10 மெகாபிட் × 0.04 நொடி = 50,000 பைட். 1500 பைட் பாக்கெட்டாகப் பார்த்தால் 33 சொச்சம். ஒரு பாக்கெட் வெளியேற 1.2 மில்லிநொடி. டிசிபியின் ரீனோ என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை, இழப்பைக் கண்டதும் சாளரத்தை (ஒப்புகை வரும் முன் அனுப்பி வைக்கக்கூடிய பாக்கெட் எண்ணிக்கை) பாதியாக்கும். இந்த அளவு பஃபர் (வரிசைக்கான இடம்) இருந்தால்தான் அப்போதும் இணைப்பு சும்மா இருக்காது. பஃபரே இல்லாவிட்டால் கோட்பாட்டின்படி 75% வேகமே கிடைக்கும்.

இப்போது வரிசையை 330 ஆக்கி, வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ ஓடவிட்டு, பக்கத்தில் போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் போடுங்கள். 40-இல் இருந்தது 440 மில்லிநொடி வரை ஏறும். சுவாரசியம் இனிமேல்தான். சாளரம் 363-இலிருந்து (வரிசையில் 330 + வழியில் 33) பாதியாகி 181-க்கு வந்தாலும் வரிசை காலியாவதில்லை. பிங் 200-க்குக் கீழே இறங்காது. வேகம் 33 பாக்கெட்டில் கிடைத்த அதேதான். பெரிய பஃபர் தாமதத்தை மட்டும் கூட்டியது, வேறெதையும் தரவில்லை.

முடிவு பொருந்தாவிட்டால் இவற்றைப் பாருங்கள். லினக்ஸின் இயல்புநிலை நெரிசல் கட்டுப்பாட்டு முறை க்யூபிக். ரீனோவை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இடைமுக அமைப்புகளை மாற்றும் ஈத்டூலில் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ (பாக்கெட்டுகளைப் பெரிய துண்டுகளாகக் கையாளும் வசதிகள்) மூன்றையும் எல்லா இடைமுகங்களிலும் அணைக்காவிட்டால் 64 கிலோபைட் வரையான பெரிய துண்டுகள் ஒரே பாக்கெட்டாக எண்ணப்படும். 33 என்ற கணக்கே பொய்யாகிவிடும். தாமதத்தையோ வரம்பையோ அனுப்புநர் கணினியிலேயே வைத்தால் அதன் கெர்னல் தானாக அடக்கி வாசிக்கும், வரிசை வளராது. நேரமும் முக்கியம்: 330 பஃபரில் ரீனோவின் ஒரு ரம்பப்பல் (சாளரம் மெல்ல ஏறிப் பாதியாக விழும் ஒரு சுற்று) முடியவே ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். ஐபெர்ஃப்3-இன் இயல்பான 10 நொடியில் தொடக்கக் குழப்பம் மட்டுமே தெரியும். ஐந்து நிமிடம் ஓட்டுங்கள்.

அடுத்து அந்த வரிசையைக் கோடெலாக (காத்திருப்பு நீளும்போது பாக்கெட்டுகளை முன்கூட்டியே கைவிடும் வரிசை முறை) மாற்றிப் பாருங்கள். எஃப்க்யூ-கோடெல் வேண்டாம், அது பிங்குக்குத் தனி வரிசை கொடுத்துவிடும், தாமதம் குறைந்தது கோடெலாலா தனி வரிசையாலா என்று பிரித்தறிய முடியாது.

கடைசியாக, ஒரே பாதையைப் பகிரும் டிசிபி இணைப்புகள் n இருந்தால் தேவையான பஃபர் √n-ஆல் குறையும் என்ற 2004 ஸ்டான்ஃபோர்டு முடிவு. நான்கைந்து இணைப்புகளை ஓட்டிப் பார்த்தால் அது பொருந்தாமல் போகலாம். சில இணைப்புகளே உள்ளபோது எல்லாம் ஒரே நேரத்தில் இழந்து, ஒரே நேரத்தில் பின்வாங்கும். சூத்திரமோ அவை தனித்தனியே ஆடுவதாகக் கொள்கிறது. அறிக்கையில் அந்தக் காரணத்தையும் எழுதுங்கள், வரைபடத்தை மட்டும் ஒட்டாதீர்கள்.