பழைய டீசல் பிக்கப்: பின் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: 2012 மாடல் பொலேரோ பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன். முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே நின்று பிடிக்கிறது. "பின்னாடி டிரம்தானே, பழைய வண்டின்னா அப்படித்தான். போன மாசம்தான் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) முடிஞ்சுது" என்கிறார் புரோக்கர். வண்டியை வாங்கி, பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் போட்டுவிடு என்கிறான் நண்பன். வால்பாறைக்கும் லோடு போகும். என்ன செய்யலாம்?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: டிரம் என்பதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். புரோக்கரின் "அப்படித்தான்" மட்டும் வேண்டாம்.

இரண்டாவது மிதியில் பெடல் உயர்ந்தால், பெரும்பாலும் பின் ஷூவுக்கும் (டிரம்முக்குள் விரிந்து உரசிப் பிடிக்கும் வளைந்த துண்டு) டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும். ஷூ மேல் உரசும் லைனிங் தேயத் தேய அட்ஜஸ்டர் அதைச் சரிக்கட்ட வேண்டும். பழைய வண்டியில் அது துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். ஹேண்ட்பிரேக்கும் அதே ஷூக்களைத்தான் விரிக்கிறது, லீவர் உச்சி வரை வருகிறதா பாருங்கள். மிதித்த காலை எடுக்காமலே பெடல் மெல்ல இறங்கினால் கதை வேறு: பிரேக் ஆயில் ஒழுகல், அல்லது பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு.

அட்வான்சுக்கு முன் உங்கள் மெக்கானிக்கை வைத்து இரண்டு பின் டிரம்மையும் கழற்றுங்கள். எஃப்.சி. ஆனதால் டிரம்மைத் திறந்து பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. உள்ளே ஈரம் இருந்தால் எந்த எண்ணெய் என்று பாருங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக நெம்பும்போது தண்ணீர் போல வழிந்தால் பிரேக் ஆயில். சிலிண்டர் வேலை இருக்கிறது. கெட்டியாக, குமட்டும் நாற்றத்தோடு இருந்தால் கிரவுன் ஆயில் (பின் அச்சின் கியர் எண்ணெய்). ஆக்சில் சீல் போயிருக்கிறது. எண்ணெய் குடித்த லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். இரு பக்கமும் புதிதாகப் போட வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். லேத்தில் கடைந்து அதைத் தாண்டியிருந்தால் அது இரும்புக் கடைக்குத்தான்.

பலர் கவனிக்காத ஒன்று, பின் பட்டை (பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடு). பல பிக்கப்களில் பாடி எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் பிரிக்கும் வால்வு உண்டு. லோடு தாங்கக் கூடுதல் பட்டை போட்டிருந்தால் வண்டி அமுங்காது. பாரம் இல்லையென்று நினைத்து வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

டீசல் என்பதால், பெடலை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் தனி பம்பிலிருந்து வருகிறது. எஞ்சினை அணைத்துப் பெடல் கல்லாகும் வரை மிதியுங்கள். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று இறங்க வேண்டும்.

டிஸ்க் மாற்றம் வேண்டாம். ஹேண்ட்பிரேக்குக்கே வேறு ஏற்பாடு தேவைப்படும், முன்-பின் பங்கீடும் குலையும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது எந்த பிரேக்கானாலும் சூடேறும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் தாழும். கீழ் கியரில் இறங்குங்கள்.

சீல், சிலிண்டர், லைனிங் செலவை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி விலையில் கழியுங்கள். டிரம்மைத் திறக்கவே விடவில்லையென்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.