ஒரு குடைமிளகாயில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் எடுத்த குடைமிளகாய்ப் படத்தை அண்மையில் ஒரு நூலில் பார்த்தேன். குனிந்து முறுக்கிய மனித முதுகு என்றே முதலில் எண்ணிவிட்டேன். வண்ணத்தில் எடுத்திருந்தாலும் இந்த மயக்கம் ஏற்பட்டிருக்குமா? இவ்வளவு துல்லியம் எப்படிக் கிடைத்தது?

பதில்: ஏற்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். பச்சையைக் கண்டதும் மனம் 'காய்' என்று பெயர் சொல்லிவிட்டு, மேற்கொண்டு பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறது. நிறமும் இல்லை, அளவை உணர்த்தப் பக்கத்தில் ஒரு தட்டோ கத்தியோ இல்லை என்னும்போது, மேடும் பள்ளமும் அவற்றின்மேல் வழியும் ஒளியும் மட்டுமே கண்ணுக்கு எஞ்சுகின்றன.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 'பெப்பர் எண் 30' ஆக இருக்கும். 1930 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் கார்மெல் ஊரில் எடுக்கப்பட்டது. பல காய்களைப் பல பின்னணிகளில் வைத்துப் பார்த்தும் நிறைவடையாத வெஸ்டன், கடைசியில் ஒரு தகரப் புனலைப் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் காயை இருத்தினார். மேலிருந்து விழுந்த ஒளியைப் புனலின் வளைந்த உட்புறம் காயின் ஓரங்களுக்குத் திருப்பியனுப்பியது. படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள்: நிழலில் கரைந்திருக்க வேண்டிய வளைவுகள்கூட, மங்கிய ஒளிக்கோட்டால் இருளிலிருந்து பிரிந்து நிற்பது தெரியும். அந்த உருட்சி முழுவதும் இந்த எளிய தகரத்தின் கொடை.

துல்லியத்துக்கு வருவோம். அவர் பயன்படுத்தியது 8 அங்குலத்துக்கு 10 அங்குல அளவுள்ள ஃபிலிம்; நெகட்டிவைத் தாளின்மேல் நேரடியாகப் பதித்தே அச்சிட்டதால், பெரிதாக்கும்போது நேரும் இழப்புக்கு இடமில்லை. ஆனால், இவ்வளவு நெருங்கி எடுத்தால் காயின் முன்பக்கம் தெளியும்போது பின்பக்கம் மங்கிவிடும். அதைத் தவிர்க்க லென்ஸின் துவாரத்தை மிகமிகச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கினால் ஒளி குறையும். குறைந்த ஒளிக்கு ஈடாக நெடுநேரம் காத்திருக்க வேண்டும். காற்றிலாடும் பூவிடம் இது நடக்காது, அசையாத காய் இடம்கொடுத்தது. 1932இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெஸ்டனும் ஆன்செல் ஆடம்ஸும் இமோஜென் கன்னிங்ஹாமும் பிற புகைப்படக் கலைஞர்களும் சேர்ந்து அமைத்த குழு, அத்தகைய சிறு துவாரத்தின் அளவான 'எஃப்/64' என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

முதுகு என்று தோன்றியதற்காக நீங்கள் தயங்க வேண்டாம், அப்படித் தோன்றாதவர் குறைவு. ஆனால் தம் காய்களில் மனித உடலைத் தேடுவதை வெஸ்டன் விரும்பவில்லை. அது குடைமிளகாய்தான், ஆயினும் குடைமிளகாய்க்கும் மேலான ஒன்று என்பதே அவர் நிலை. படமெடுத்த காய்களை அவர் சாப்பிடவும் செய்தார். அவை தம் பார்வையை வளப்படுத்தியதுபோல் தம் இரத்தத்தையும் வளப்படுத்தட்டும் என்ற எண்ணம் தமக்குப் பிடித்திருப்பதாக அதே மாத நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.