கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி தொடரின் கடைசி சீசன் ஏன் இத்தனை ரசிகர்களை ஏமாற்றியது?

முடிவை விட, அதற்குக் காட்டிய அவசரம்தான் காரணம் என்பேன். முதல் ஆறு சீசன்களுக்கும் தலா 10 எபிசோடுகள். ஏழாவதுக்கு 7. 2019-இல் வந்த எட்டாவதுக்கு வெறும் 6. இன்னும் நீட்டிக்க, தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனல் தயாராகத்தான் இருந்தது; தொடரை உருவாக்கியவர்கள்தான் போதும் என்றார்கள்.

அரியணைக்காகப் போராடும் நாயகி டெனேரிஸ் கொடுங்கோலியாக மாறியது திடீர்க் கற்பனை அல்ல. அண்ணன் தலையில் உருக்கிய தங்கத்தை ஊற்றியபோது கண் கலங்காமல் பார்த்தவள் அவள். மீரீன் நகரில் அடிமைகளின் எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தவள். ஆனால் சரணடைவதாக மணி அடித்த பிறகும் தலைநகரத்தையே எரிக்கும் அளவுக்கு அவள் மனம் எப்படிப் போனது? அதைக் காட்ட இரண்டு மூன்று எபிசோடுகளாவது வேண்டும். இங்கே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். முதல் சீசனிலிருந்து பூச்சாண்டி காட்டிய வெள்ளை நடமாடிகள் என்ற பனிப் பேய்களின் கதையும் ஒரே ராத்திரியில், ஆர்யா என்ற இளம்பெண்ணின் குத்துவாளோடு காலி. அந்தச் சண்டை பாதி இருட்டு வேறு. என் டிவிதான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

அப்புறம், மூல நாவல்களில் ஐந்தாவது 2011-இல் வந்தது. ஆறாவது வருவதற்குள் தொடரே முடிந்துவிட்டது. புத்தகத்தின் துணை போனதும் டெனேரிஸின் ஆலோசகர்களான டிரியன், வாரிஸ் போன்ற மூளைக்காரர்கள் மந்தமாகிவிட்டார்கள். இத்தனைக்கும் 2019-இன் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது இந்தக் கடைசி சீசனுக்குத்தான்!