மனாவுஸ் அரங்கமும் ஈப்போ பாட்டியும்

அன்புள்ள ஐயா,

பிரேசிலில் அமேசான் காட்டுக்கு நடுவே மனாவுஸ் நகரில் இருக்கும் ஓபரா அரங்கத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். ரப்பர் பணத்தில் கட்டியதாம். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். அவருடைய உளி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த மாளிகைக்கும் எங்கள் கித்தா (ரப்பர்) காட்டுக்கும் ஏதும் சம்பந்தம் உண்டா? திறப்பு விழாவில் புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் கரூசோ பாடினார் என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகி, ஈப்போ, மலேசியா

அன்புள்ள வாசகிக்கு,

கரூசோ மனாவுஸில் பாடியதே இல்லை. அரங்கம் திறந்தது 1896 டிசம்பர் 31. ஒரு வாரம் கழித்து, 1897 ஜனவரி 7 அன்று, பொங்கியெல்லியின் 'லா ஜியோகோண்டா' என்ற ஓபரா அங்கே மேடையேறியது. கரூசோ அப்போது இத்தாலியில் தலையெடுத்துக்கொண்டிருந்த 23 வயதுப் பையன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: உண்டு, நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமான சம்பந்தம்.

கடலிலிருந்து ஆற்று வழியே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர் மனாவுஸ். அங்கே 1884இல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை பாதியில் நின்று கிடந்தது. எடுவார்தோ ரிபெய்ரோ ஆளுநராக வந்த பிறகுதான் சூடுபிடித்தது. இரும்பு கிளாஸ்கோவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, விளக்குகளுக்குக் கண்ணாடி முரானோவிலிருந்து. குவிமாடத்தில் பிரேசில் கொடியின் நிறங்களில் மின்னும் 36,000 ஓடுகள் அல்சாஸிலிருந்து. எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. இருக்கைகள் என்னவோ 701தான். உள்ளே உட்கார்ந்து அண்ணாந்தால், ஈஃபில் கோபுரத்தின் நாலு கால்களுக்கு நடுவே நின்று மேலே பார்ப்பதுபோல விதானம் தீட்டியிருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது வாசலில் கிடந்த கற்கள். அரங்கத்தின் முன்பாதையில் ரப்பர் கலந்த கற்களைப் பதித்தார்களாம். பிந்தி வருகிறவர்களின் குதிரை வண்டிச் சத்தம் உள்ளே பாட்டுக்கு இடைஞ்சலாகக் கூடாது என்று.

அந்த ரப்பரை எடுத்தவர் யார்? 1877இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் பிரேசிலின் செயாரா மாகாணத்திலிருந்து கிளம்பிய ஏழைகள் பெருவாரியாக இந்தக் காட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். அரிசியும் மாவும் கத்தியும் முதலாளியின் கடையில் கடனுக்கு. விலை அவர் வைத்தது. விடியுமுன் எழுந்து, காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரங்களைத் தேடித்தேடிக் கீறிவிட்டு, திரும்பவும் அதே வழியில் போய்ப் பாலைச் சேர்க்க வேண்டும். பிற்பகலில் புகைமூட்டத்துக்கு முன் உட்கார்ந்து, சுழலும் கழியின் மேல் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி உருண்டையாக்குவார்கள். அந்தப் புகையிலேயே கண் கெட்டது. உருண்டை போய்ச் சேர்ந்தாலும் கடன் தீரவில்லை.

நான் குமரி மாவட்டத்துக்காரன். குலசேகரம் பக்கம் விடிகாலையில் ரப்பர் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நெற்றிவிளக்கு வெளிச்சத்தில், பட்டையில் ஒரு நூல் கனத்துக்கு மட்டும் கத்தி ஓடும். ஆழம் கூடினால் மரம் புண்ணாகும், குறைந்தால் பால் வராது. வெள்ளைக்கோடு ஒன்று சரிந்து இறங்கி சிரட்டைக்குள் சொட்டும். உங்கள் பாட்டியின் கை முப்பது வருடம் இதைத்தான் செய்திருக்கிறது. அது கூலிவேலை என்று மட்டும் சொல்லிப் போய்விட எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு வித்தை.

அந்த வித்தைதான் மனாவுஸை விழவைத்தது. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 3,000கூடத் தேறவில்லை. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை வெறும் 22. மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பச் சீவும் முறையை சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி அங்கே கண்டுபிடித்தார். விதையைப் பையில் போட்டுக்கொண்டு துரைமார்களிடம் நடையாய் நடந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயரும் வாங்கினார். பிறகு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் ஜனங்கள் கங்காணிக்குப் பின்னால் போய் பினாங்கில் இறங்கினார்கள். வரிசையாக நட்ட மரம், நிரை பிரித்துக் கொடுத்த ஆள், மலிவான கூலி. அமேசானில் அப்படி வரிசையாக நட முடியாது. இலைக்கருகல் நோய் தோட்டத்தையே மொட்டையடித்துவிடும். 1913இல் ஆசியத் தோட்டங்களின் ரப்பர், காட்டு ரப்பரை அளவில் மிஞ்சிவிட்டது. மனாவுஸின் பணக்காரர்கள் ஊரைக் காலிசெய்தார்கள். அரங்கத்தில் ஓபரா நின்றுபோயிற்று. ஆண்டுதோறும் ஓபரா விழா நடக்கத் தொடங்கியது 1997இல்தான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது விக்காமின் பெயர் வருகிறது, ரிட்லியின் பெயர் வருகிறது. செயாராவிலிருந்து வந்தவர் பெயரும் வருவதில்லை, உங்கள் பாட்டியின் பெயரும் வருவதில்லை. அங்கே கடன் புத்தகம், இங்கே கங்காணியின் முன்பணம். ஒரே மரத்தின் பாலில் ஒருவரையொருவர் அறியாமல் இரண்டு ஜனங்கள் உழைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சிங்கப்பூருக்கு வந்த அந்த 22 கன்றுகளில் 9 பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. ஈப்போவிலிருந்து உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். போகும்போது பாட்டியின் உளியை எடுத்துப் போங்கள். மரத்தடியில் வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பாட்டியின் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்