தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றவருக்கு

நண்பரே, ஒரகடத்தில் யூரின் பேக் தயாரிக்கும் உங்கள் யூனிட்டுக்கு மாதக்கணக்கில் தரக்கட்டுப்பாட்டு ஆள் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். 2023 அக்டோபரில் ஆபத்து அதிகமுள்ள சி, டி வகுப்பு மருத்துவக் கருவிகளுக்கும் உரிமம் கட்டாயமானதிலிருந்து எல்லோரும் அதே சில ஆட்களைத்தான் துரத்துகிறார்கள், அதனால் மருத்துவக் கருவித் தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 13485-ஐக் கரைத்துக் குடித்தவர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்களிடமே லீக் டெஸ்ட் பார்க்கும் டிப்ளமோ பிள்ளைகளில், டெஸ்டில் தேறாமல் ஒதுக்கிய பேக்கின் பேட்ச் எண்ணையும் எந்த ஓரத்தில் சீல் விட்டது என்பதையும் யாரும் சொல்லாமலே எழுதிவைக்கிறவர் இருந்தால் அவரைப் பிடியுங்கள். மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இன் தர மேலாண்மை முறையைச் சொல்லும் ஐந்தாம் அட்டவணையை உட்கார்ந்து படிக்கவிட்டு, அப்புறம் உள் தணிக்கைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். மருந்து கம்பெனி க்யூஏ (தர உறுதி) ஆட்களையும் கூப்பிட்டுப் பாருங்கள், ஆவணம் எழுதுவது அவர்களுக்குக் கைவந்த கலை, கருவியால் வரக்கூடிய ஆபத்துகளையும் அவற்றைக் குறைக்கும் வழிகளையும் பதியும் ரிஸ்க் ஃபைல்தான் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். பயிற்சி முடிந்ததும் சம்பளத்தை உயர்த்திவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்து யூனிட் கொத்திக்கொண்டு போய்விடும்.