கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்னால்

ஐயா வணக்கம்,

உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். அம்மா கிட்னி கொடுத்து, தம்பிக்கு மாற்று ஆபரேஷன் முடிந்து 14 மாதம் ஆகிறது. கிட்னி வேலையைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 1.2-லேயே நிற்கிறது. ரத்தத்திலுள்ள எதிர்ப்பு அணுக்களைப் பார்த்து, உடம்பு கிட்னியைத் தள்ளப்போகிறதா என்று முன்கூட்டியே சொல்லும் டெஸ்ட் இருக்கிறதாமே. அதைச் செய்துவிட்டால் கிட்னியிலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வேண்டியதில்லையா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. கிரியேட்டினின் பிந்தி வரும் செய்தி. எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் கிட்னிக்குள் புகுந்து நுண்குழாய்களைக் கெடுத்த பிறகுதான் அது ஏறும், 1.2-ல் நிற்கும்போதே உள்ளே அழற்சி இருக்கலாம்.

நீங்கள் கேள்விப்பட்டது எலிஸ்பாட் வகை டெஸ்டாக இருக்கும். தம்பியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அம்மாவின் அணுக்களோடு 96 குழித் தட்டில் ஒரு ராத்திரி வைப்பார்கள். அம்மாவின் திசுவை ஏற்கெனவே அடையாளம் கண்டுவைத்திருக்கும் டி அணு இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைக் கக்கும். கக்கிய இடத்தில் ஒரு புள்ளி விழும். அம்மா இருப்பதால் இன்றைக்கும் ரத்தம் கொடுக்கலாம். மூளைச்சாவு அடைந்தவரிடம் கிட்னி பெற்றவர்களுக்கு, அன்றே அவருடைய அணுக்களை எடுத்து உறையவைத்திருந்தால்தான் இது நடக்கும்.

கெடுவது பெரும்பாலும் வழியில்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் குழாயில் எடுத்த ரத்தத்தை அன்றைக்கே பிரிக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலும் வைக்கக்கூடாது, சித்திரை வெயிலில் பைக் பெட்டியிலும் வைக்கக்கூடாது. மதுரையில் எடுத்து வெளியூர் லேபுக்குப் போய்ச் சேர ஒரு நாள் தாண்டினால் டி அணுக்கள் மந்தமாகிவிடும், புள்ளி குறையும், ஆபத்தில்லை என்று ரிப்போர்ட் பொய் சொல்லும். அதனால் கன்ட்ரோல் குழியின் எண்ணிக்கையைக் கேளுங்கள். டி அணுவைத் தூண்டும் மருந்து ஊற்றிய அந்தக் குழியில் புள்ளிகள் அப்பிக் கிடக்க வேண்டும். அங்கேயே குறைவு என்றால் அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

சரியாகச் செய்த டெஸ்டில் புள்ளி இல்லையென்றால் ஆறுதல்தான். நிறைய இருந்தால் ஆபத்து கூடியிருக்கிறது என்று மட்டுமே பொருள். நிராகரிப்பு தொடங்கிவிட்டது என்றல்ல. எதிர்ப்பொருள் வழியாக வரும் நிராகரிப்பு இதில் தெரியாது, அதற்கு டிஎஸ்ஏ, அதாவது கிட்னி கொடுத்தவரின் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருளை, தனியாகப் பார்க்க வேண்டும். மாற்றுக் கிட்னியைத் தாக்கும் பிகே வைரஸா, நிராகரிப்பா என்று பிரித்துச் சொல்லத் திசுவையே பார்த்தாக வேண்டும். அதிலும் 10 குளோமெருலஸ் (கிட்னியின் வடிகட்டி முடிச்சு), 2 தமனியாவது கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆகவே பயாப்ஸி தேவைப்படும் இடத்தில் தேவைதான்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸ் ரத்தத்தில் இருக்கும் அளவு. ராத்திரி 9 மணிக்கு மாத்திரை போட்டால், மறுநாள் காலை 9 மணியை ஒட்டி ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் காலை மாத்திரை. தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அளவு பொய்யாக உயர்ந்து தெரியும், டாக்டர் டோஸைக் குறைப்பார், உண்மை அளவு 5-க்குக் கீழே போகும். எதிர்ப்பொருள் உருவாக அதுவே வழி. மாத்திரையைச் சட்டைப்பையில் கொண்டு வரச் சொல்லுங்கள். பூஞ்சை மருந்து ஃப்ளுகோனசோல் அளவை ஏற்றும். டிபி மருந்து ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்து ஃபெனிடாயின் இரண்டும் இறக்கும். பேதியாகும்போதும் ஏறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கடைசி ஆறு டாக்ரோ அளவுகளைத் தேதியோடு ஒரே தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். 4, 9, 5, 11 என்று குதித்தால் முதலில் மாத்திரை நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். புள்ளி டெஸ்டைப் பிறகு கேட்கலாம்.